ஷெட்டுக்கு எதுக்கு லைட்டு

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. மடியில வெச்சிருக்கற பையில பெயிண்டுக் கம்பெனி பேரு போட்டிருக்குதே, நீங்க அங்க வேலை பாக்கறவருங்களா, இல்லை யாராச்சும் சும்மா குடுத்த பையுங்களா? அங்கயேதானா. வீட்டுச் சுவத்துக்கு அடிக்கறதுங்களா, காருக்கு அடிக்கறதுங்களா? காருக்கா. அட, இதைப் பாருங்க, நான் ஊரெல்லாம் தேடிட்டு இருந்த ஆளு பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதானுங்க. கார் ஷெட்டுல லைட்டு எரிஞ்சா காரு பெயிண்டு கெட்டுப் போகுமா, போகாதா? இருங்க, இருங்க, ஒடனே சொல்லீராதீங்க. கரூரு வரைக்கும் வர்றீங்கல்ல? நானும் அங்கதான். இப்பத்தான் ஈரோட்டுல சோலார் ஸ்டாப்பு தாண்டியிருக்குது, நேரங் கெடக்குது. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அரைகொறையாக் கேட்டுட்டுப் பதில் சொல்றவங்களாலதான் எனக்கு இத்தனை தொந்தரவு.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோபிப் பக்கம். மகளைக் கரூர்ல கட்டிக் குடுத்திருக்குது, மேகலான்னு பேரு. என்ற சம்சாரம் துளசிமணி இப்ப அவகூடத்தான் இருக்கறா. இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேசன் பண்ணி, வாக்கரைப் புடிச்சு நடந்துட்டு இருக்கறா. அவளைப் பாக்கத்தான் வாரம் ஒருக்கா இந்தப் பஸ்ஸுல போறது. கார் இருக்கறப்ப எதுக்குப் பஸ்ஸுன்னு கேக்கறீங்க. இருக்குதுங்க. நல்லா இருக்குது. இந்த வெயில்ல அதை எதுக்குங்க வெளிய எடுக்கறது?

நான் ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில சேந்து, அங்கயே தலை நரைச்சவன். கடைசியா ஷோகேஸ் முழுக்க என்ற பொறுப்பு. ரோட்டைப் பாத்த கண்ணாடிக்குள்ள நிக்கற பொம்மைக்கு எந்தச் சேலையைக் கட்டறது, எப்பக் கழட்டறது, எல்லாம் நான் சொன்னாத்தான். வெளிய நின்னு பாக்கறவங்களுக்குச் சேலை மட்டும்தான் தெரியும். எனக்கு அதுக்கு மேல எரியற லைட்டும் தெரியும். லைட்டுன்னா லேசுப்பட்டதில்லீங்க. மறந்தாப்புல ஒரு சேலையைப் பொம்மை மேலயே விட்டுட்டீங்கன்னா தோள்பட்டையில சாயம் வெளுத்துப் போயிரும். மடிப்பைப் பிரிச்சாப் பளிச்சுனு ஒரு கோடு நிக்கும். அரக்கு, நாவப்பழக் கலரு, இதெல்லாம் சீக்கிரமாப் போகும். வெள்ளைக்குத்தான் பயமில்லை. இது நான் யாரோ சொல்லிக் கேட்டதில்லீங்க. கண்ணால பாத்தது, கையால பிரிச்சது.

அப்படி வெளுத்துப் போன சேலையை மொதலாளி எங்களுக்கே கொறைச்சுப் போட்டுருவாரு. தீவாளிக்குத் தீவாளி நானும் ஒண்ணை எடுத்துட்டுப் போவேன். துளசி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெளுத்த பக்கம் உள்ளாற போறாப்புல கொசுவம் வெச்சுக் கட்டிக்குவா, ஒருத்தருக்கும் தெரியாது. ஒருக்கா மட்டும், ஒறம்பரை சனமெல்லாம் வந்திருந்தப்ப, பொம்மை கட்டிச் சலிச்சதைத்தான் எங்க மாமா எனக்குக் கொண்டாந்து குடுப்பாருன்னு எகத்தாளமாச் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் சிரிச்சிருப்பா. எனக்குச் சரியா ஞாபகமில்லை.

வேலையை விட்டு நின்னப்பறம் கார் வாங்கினேன். வெள்ளையா வாங்கலாமுங்கன்னு துளசி சொன்னா. நான் அரக்குதான்னு நின்னேன். எத்தனையோ அரக்குச் சேலையை யார் யாருக்கோ எடுத்துப் போட்டிருக்கறேன், எனக்குன்னு ஒண்ணு அந்தக் கலருல வேணும்னு ஆசை இருக்காதுங்களா? வீட்டுக்குப் பக்கவாட்டுல இருந்த சந்துல ஷெட்டுப் போட்டேன். வண்டியை உள்ள விட்டா, சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருச்சாஞ்சு போகலாம், அவ்வளவுதான் எடம். பொறவாசல்ல இருக்கற தொவைக்கற கல்லுக்கும் பாத்ரூமுக்கும் அதுதான் வழி. வழியில ஒரு படி வேற எறங்கோணும். எலெக்ட்ரீசியன் வந்து ஒரு டியூப் லைட்டை மாட்டிக் குடுத்தான். போட்டுப் பாத்தேன். நேரா பானெட் மேல விழுந்துச்சுங்க, ஷோகேஸ்ல விழுந்தாப்புலயே. ஸ்டூலைப் போட்டு ஏறி ஸ்டார்ட்டரைக் கழட்டிட்டேன். டியூப்பு அங்கயேதான் தொங்குது. ஸ்டார்ட்டரு இல்லீன்னா அது எரியாதில்லீங்களா.

துளசி கேட்டா. கேக்காம இல்லை. ஒரு சின்ன குண்டு பல்பாச்சும் போடுங்க மாமா, படி தெரிய மாட்டேங்குதுன்னா. குண்டு பல்பு இன்னும் சூடு, வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பறம் அவ கேக்கலை. ஒரு கையில சுவத்தைத் தடவிட்டே போயிட்டு வந்துருவா. இன்னொரு கையை நெஞ்சோட சேத்து வெச்சுக்குவா. ஏன்னா கண்ணாடி வளையலோட வண்டியைத் தொடாதே, கீறல் விழுகும்னு மொத வாரமே நான் சொல்லி வெச்சிருந்தேன். சொன்னாக் கேட்டுக்கற மனுசிங்க. அதுல நான் கொறை சொல்லவே மாட்டேன்.

கவர் போட்டு வெக்கலாமேன்னு பாக்கறீங்க. போட்டுத்தான் வெச்சிருக்கறேன். துளசியோட பழைய நூல் சேலை ரெண்டை மொதல்ல விரிச்சு, அதுக்கு மேல கவரு. அப்பறம் லைட்டு எப்படிப் படும்னு மேகலாவும் இதையேதான் கேட்டா. படிச்ச புள்ளை, கேள்வி கேக்கத் தெரியுது. வெளிச்சம் எங்க வேணா பூந்துருமுங்க. ஷோகேஸ்ல நாங்க திரை போட்டு மூடினதுக்கப்பறமும் வெளுத்திருக்குது. எல்.ஈ.டி. போடுங்க, அதுல சூடே இல்லீங்கறாங்க. லைட்டு லைட்டுதானுங்களே. சூடு இல்லாத லைட்டு எதுக்கு ஆகும், அது எனக்குப் புரியறதில்லை.

சரி, விசயத்துக்கு வர்றேன். கார்த்திகை அன்னைக்குங்க. மேகலா நோம்பிக்கு வந்திருந்தா. மாப்பிள்ளை வரலை, அவருக்குச் சோலி. நான் வெடியாலயே வண்டியைக் கழுவித் தொடைச்சு, கவரைத் திரும்பப் போடாமப் பொட்டு வெச்சு விட்டிருந்தேன். பொழுதோட துளசி அகல்ல எண்ணெய் ஊத்தி ஒவ்வொரு எடமா வெச்சுட்டு வந்தா. வாசல்ல, சமையக்கட்டுல, பூசை ரூம்புல, மாடிப்படில. அன்னைக்கு இருட்டா ஒரு எடமும் இருக்கக்கூடாதில்லீங்களா. ஷெட்டுக்கும் ஒண்ணு வெக்கோணும்னு எடுத்துட்டுப் போனா. நான் வாசல்ல பக்கத்து வீட்டுக்காரரோட பேசிட்டு நின்னேன். என்ன பேசினோம்னு கேட்டீங்கன்னா, தண்ணி எப்ப உடறாங்கங்கறதைப் பத்தித்தான். உள்ள தொப்புனு ஒரு சத்தம். அவ கத்தலீங்க.

போனைக் கையில புடிச்சு லைட்டடிச்சுட்டுப் போனேன். படிகிட்ட, சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல விழுந்து கெடந்தா. அகலு ஒடஞ்சு திரி தரையில அணைஞ்சு போயிருந்துச்சு. எண்ணெய் பூராவும் பானெட் மேல. நல்லெண்ணெயிங்க. எண்ணெய் ஒரு எடத்துல நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? பட்டுல ஒரு சொட்டு எண்ணெய் பட்டாக்கூடப் பவுடரை அள்ளிப் போட்டு ஒத்தி எடுத்தாத்தான் உண்டு, உட்டா அது உட்டதுதான். தோள்ல கெடந்த துண்டை எடுத்துத் தொடைச்சேன். ரொம்ப நேரமில்லீங்க. அழுத்தித் தேய்க்கக்கூட இல்லை, ஒத்தி எடுத்தேன். எடுத்துட்டு, துளசி, எந்திரின்னேன். அவளால எந்திரிக்க முடியலை. கையக் குடுன்னேன். குடுத்தா. கால் வரலை.

நிமிந்து பாத்தா ஷெட்டு வாசல்ல மேகலா நிக்கறா. அவ கையிலயும் போனு. எப்ப வந்து நின்னான்னு தெரியலை. உள்ள வா கண்ணு, அம்மாவைத் தூக்கோணும்னு கூப்பிடறேன், அவ என்ற கையில இருந்த துண்டையே பாக்கறா. அப்பறம் அந்தப் பக்கமா வந்து அவ அம்மா தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. அவ ஏன் அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா.

ஆசுபத்திரிக்கு ஆம்புலன்ஸ்லதான் மேகலா கூட்டிட்டுப் போனா, நான் அப்பறமாப் போனேன். வண்டியில படுக்க வெக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஆபரேசன் முடிஞ்சு, ஈரோட்டுல இருந்து நேரா மேகலா கரூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் வீட்டுக்கு வந்தேன். வந்து என்ன பண்றதுங்க? கடையில சோறு வாங்கிச் சாப்பிடறேன். டி.வி. பாக்கறேன், என்ன ஓடுச்சுன்னு கேட்டாத் தெரியாது. தூக்கம் வருது. அதுதான் ஆச்சரியம், நல்லா வருது. அழுகாச்சியெல்லாம் வரலை. அதுக்கும் மேகலா கோவப்படறா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களாப்பான்னு. எனக்கு என்னமோ உள்ள ஒரு ரூம்பைப் பூட்டி வெச்சாப்புல இருக்குதுங்க. மனசுல ஒண்ணுமே ஓடலை. தெனமும் வெடியாலயும் பொழுதோடயும் போயி வண்டியை மட்டும் பாத்துட்டு வர்றேன். இருட்டுல நிக்குது. நல்லா இருக்குது.

இது கொடுமுடிங்களா? ஆமா, கொடுமுடிதான். ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்குங்க, வெயில் உங்க பை மேல விழுகுது.

இப்ப நடந்துட்டு இருக்கறது என்னன்னா, துளசிக்குத் தேவலை. டாக்டரு வீட்டுக்குப் போகலாம்னுட்டாரு. அவளுக்கும் வரோணும்னுதான் இருக்குது, எனக்குத் தெரியும். மேகலாதான் விட மாட்டேங்கறா. போன வாரம் நான் கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தா. சண்டையெல்லாம் இல்லீங்க. மெல்லத்தான் சொன்னா.

"அப்பா, ஷெட்டுல லைட்டைப் போட்டுட்டு ஒரு போன் பண்ணுங்க. அன்னைக்கே அம்மாவைத் தாட்டி விடறேன். போட முடியாதுன்னா அம்மா இங்கயே இருக்கட்டும். நீங்களும் சும்மா சும்மா வர வேண்டாம்."

பெத்த அப்பன்கிட்டப் பேசற பேச்சுங்களா இது? மனசு பொக்குனு போச்சு. நான் போட மாட்டேன்னு எங்க சொன்னேன்? கெட்டுப் போகுமா போகாதான்னு ஒரு நெசம் தெரியட்டும்னுதான சொல்றேன். தெரியாம எப்படிங்க போடறது? வண்டி வாங்குன ஷோரூம்ல கேட்டேன். அங்க இருந்த பையன் சிரிச்சுட்டு ஒண்ணும் ஆகாது சார்ங்கறான். அவன் விக்கறவன், அவனுக்கு என்ன தெரியும்? நானும் சாயம் போகாதுங்க அக்கான்னு சொல்லித்தான் அத்தனை சேலை வித்தேன். பெயிண்டு அடிக்கற பட்டறையில கேட்டேன். வெளுத்தாக் கொண்டாங்க, நாங்க அடிச்சுத் தர்றோம்னான். அது ஒரு பதிலுங்களா? எலெக்ட்ரீசியன் என்னடான்னா, லைட்டு மாட்டறதுதான் என்ற வேலை, எரியாம பாத்துக்கறது உங்க வேலைன்னு லொள்ளுப் பேசறான். யாராச்சும் ஒரு வெவரந் தெரிஞ்ச மனுசன் சொல்லட்டும்னு இருந்தேன். அதான் உங்க பையைப் பாத்ததும் கேட்டேன்.

துளசி என்ற பக்கமுங்க. அதை நீங்க தெரிஞ்சுக்கோணும். ஆசுபத்திரியில மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறந்தப்ப நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன், மேகலா மருந்து வாங்கப் போயிருந்தா. மொதக் கேள்வியே என்ன கேட்டான்னு நெனைக்கறீங்க?

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே மாமா?"

அந்த வலியிலயும் வண்டியைத்தான் கேட்டா. ஒண்ணும் ஆகலை, எண்ணெயைத் தொடைச்சுட்டேன்னு சொன்னேன். அப்பறம் கண்ணை மூடிட்டே சொன்னா.

"படி தெரியலீங்க. வண்டியைப் புடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன். புடிக்கத்தான் போனேன். வளையல் கீறிருமேன்னு கையை எடுத்துட்டேன்."

பாத்தீங்களா. அவளுக்கு அந்த வண்டி மேல அத்தனை இது. இதை நான் மேகலாகிட்டச் சொல்லலை. சொன்னா அவ வேற மாதிரி எடுத்துக்குவா. உங்ககிட்டத்தான் மொதத் தடவை சொல்றேன்.

அன்னைக்கு ஆம்புலன்ஸை அனுப்பிட்டு டார்ச் அடிச்சு வண்டியைச் சுத்திப் பாத்தேன். ஒரு கீறல் இல்லீங்க. எண்ணெய் பட்ட எடம்கூடத் தெரியலை.

இப்ப நீங்க சொல்லுங்க. புகலூர் தாண்டிட்டோம், இனி நேரமில்லை. லைட்டு பட்டாப் பெயிண்டு கெட்டுப் போகுமா, போகாதா? தயங்காமச் சொல்லுங்க, உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான கேக்கறேன்.

ம்.

ம். வெயில்தான் கெடுக்குமுங்களா. வெயில்ல இருக்கற அந்தக் கதிரு வீட்டு லைட்டுல இல்லீங்களா. இருந்தாலும் ஒண்ணும் பண்ணாத அளவுக்குத்தானா. துணிக்கு ஏத்தற சாயம் வேற, காருக்கு அடிக்கறது வேற. சரி. மேல கண்ணாடியாட்ட ஒரு பூச்சு இருக்குதுங்களா, வெளுக்காம இருக்கறதுக்குன்னே? அது எனக்குத் தெரியாதுங்க. அதைப் பத்தி யாரும் சொல்லலை. ராத்திரி பகலா லைட்டு எரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாதா. எத்தனை வருசம் எரிஞ்சாலுமா. நீங்களே எரிய விட்டுப் பாத்திருக்கீங்களா, அங்க கம்பெனில. அதைவிடக் கடுமையான லைட்டுல வெச்சுங்களா. சரிங்க. அப்ப நெசமாத்தான் இருக்கும்.

இல்லீங்க, சந்தோசம்தான். மேகலாவுக்கு ஒடனே போன் பண்ணிச் சொல்லீறலாம்தான். இதா பாருங்க, ஸ்டார்ட்டரு சட்டைப் பையிலயே இருக்குது. அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சு. கழட்டினதுல இருந்து பீரோவுல வெச்சா அவ எடுத்து மாட்டிருவாளோன்னு சட்டைக்குச் சட்டை மாத்தி வெச்சுட்டே வந்தேன். இதைக் கொண்டு போயி மாட்டித் திருகுனா எரியப் போகுது. ஒரு நிமிச வேலை. அவளும் வந்துருவா. வந்து, லைட்டு எரியறதைப் பாப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா, அவ கேக்கற ஆளில்லை. நாந்தான் சொல்லோணும். பெயிண்டுக் கம்பெனிக்காரரே சொல்லீட்டாரு, ஒண்ணும் ஆகாதாம்னு சொல்லோணும்.

அதை எப்படிங்க அவகிட்டச் சொல்றது? ஒண்ணும் ஆகாதுன்னா, அன்னைக்கும் லைட்டைப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுங்களே. அவ கையை எடுத்தது எதுக்குன்னு ஆயிருமில்லீங்களா?

நீங்க கெட்டுப் போகும்னு சொல்லியிருக்கலாமுங்க. உங்களுக்கு என்ன போகுது, எறங்கிப் போற ஆளு. கொஞ்சம் வெளுக்கும்னாச்சும் சொல்லியிருக்கலாம்.

கோவமில்லீங்க. கோவமும் வரலை எனக்கு. கேட்டேன், நெசத்தைச் சொன்னீங்க. கரூர் ஸ்டாண்டுதான் இது, உங்க பையை எடுத்துக்குங்க, மறந்துட்டுப் போயிராதீங்க. நீங்க எறங்குங்க. நான் சித்த உக்காந்திருக்கறேன்.

ஏனுங்க கண்டக்டர், இந்த வண்டி திரும்பி ஈரோட்டுக்குத்தானுங்களே போகுது?